பச்சை டாங்கி நகராது

அமாவாசை என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருமோ, எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டு டாங்கிகள் ஞாபகம் வரும். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. மஞ்சள் நான். பச்சை எங்கள் நைனா. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஆரணிப் பக்கம் அப்படிக் கூப்பிடுகிற வீடுகள் நிறைய உண்டு. என் பையன் சென்னையில் பிறந்தவன், என்னை அப்பா என்கிறான். கோபம் வந்தால் டாட் என்கிறான். அதையும் காதில் வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், யாருக்கும் சரியாகத் தெரியாது. மற்ற நாளெல்லாம் விடிந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு தடக் தடக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். அதிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை. நின்றால்தான் விழும். அமாவாசை அன்று காலையில் கண் விழித்தாலே எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருக்கும். மத்தியானத்துக்கு மேல் இன்னும் மோசம். தெருவில் பாதிப் பேர் சேத்துப்பட்டு வழியாக மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அம்மா இருந்தவரை நாங்களும் போவோம். அவள் புளிசோறு கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "ஜல்தியா வாங்களேன், பஸ்ஸு நமக்காக நிக்குமா," என்று எங்கள் இரண்டு பேரையும் விரட்டுவாள்.

நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். மஞ்சள் காமாலை என்று ஆரம்பித்தது, வேலூர் ஆஸ்பத்திரியில் முடிந்தது. அதைப்பற்றி மேலே எழுத எனக்கு வராது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாரும் எனக்குக் கிடையாது. நானும் நைனாவும் மட்டும் மிஞ்சினோம்.

வீட்டில் நடந்த பேச்செல்லாம் அம்மா ஒருத்தி பேசியதுதான் என்பது அவள் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நைனா பேச்சுக்காரர் இல்லை. நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன். வீம்பெல்லாம் கிடையாது, வாயில் எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். நைனா சமைத்துத் தட்டில் போடுவார். "இன்னாடா, போதுமா?" என்பார். தலையாட்டுவேன். "ஸ்கூல்ல இன்னா சொன்னாங்க?" என்பார். அதற்கும் தலையாட்டுவேன். அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியாது, தறியில் போய் உட்கார்ந்துவிடுவார். பக்கத்துத் தெருவில் இருந்த அத்தை, நைனாவின் அக்கா, அவ்வப்போது குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்கு அது பிடிக்காது. பார்க்காதே என்று சொல்லக்கூட வாய் வராது.

அந்த வருஷம் எங்களுக்கு தீபாவளி கிடையாது. சாவு வீடு. தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் நைனா வேலூர் போனவர், திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. டிவி கேம். சாம்பல் நிறத்தில் ஒரு டப்பா, இரண்டு ஜாய்ஸ்டிக், மேலே சொருகுவதற்கு ஒரு மஞ்சள் கேசட். கேசட்டின் மேல் லட்சத்துச் சொச்சம் கேம் என்று நம்பர் போட்டிருந்தது. போட்டுப் பார்த்தால் அதே பத்துப் பன்னிரண்டுதான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தது. அத்தை வந்து பார்த்துவிட்டு, "பொண்டாட்டி செத்து வருசம் திரும்பல, வீட்டுல டிவி கேம் கேக்குதா உனக்கு," என்று நைனாவைப் பிடித்துக்கொண்டாள். நைனா டிவிக்குப் பின்னால் ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தார்.

டிவி இருந்தது தறிக்கூடத்தில். தறி ஓடும்போது அங்கே டிவி போடக் கூடாது. நெய்கிறவருக்குக் கண் இழையில் இருக்க வேண்டும், இழை அறுந்தால் அதே நொடியில் தெரிய வேண்டும். அதனால் டிவி கேம் அமாவாசைக்கு அமாவாசைதான். மற்ற நாளில் பெட்டியைப் பழைய பட்டுத் துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்துவிடுவார். மாதம் முழுக்க நான் அண்ணாந்து அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அமாவாசை என்றைக்கு என்று எங்கள் தெருவில் என்னைக் கேட்டால் போதும், காலண்டர் வேண்டாம்.

நாங்கள் ஆடியது டாங்கி கேம் ஒன்றுதான். திரையின் அடியில், நட்ட நடுவில், செங்கல் சுவர் கட்டி உள்ளே ஒரு பறவை இருக்கும். மேலேயிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வரும். பறவையைச் சுட்டுவிட்டால் கேம் முடிந்தது. நாம் இரண்டு பேரும் அதைக் காப்பாற்ற வேண்டும். பறவைக்கு இடது பக்கம் மஞ்சள் டாங்கி, வலது பக்கம் பச்சை. முதல் ஜாய்ஸ்டிக் எனக்கு, இரண்டாவது நைனாவுக்கு. முதல் நாளே சொல்லிவிட்டார், "ஒருத்தன் தறியில இன்னொருத்தன் உக்காரக் கூடாது. உன்னுது நான் தொட மாட்டேன், என்னுது நீ தொடாத." எங்கள் வீட்டில் அது சட்டம், மீற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நைனா ஆடிய அழகு இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது. காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்காருவார். ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் கவ்விப் பிடித்துக்கொள்வார். டாங்கி இடது பக்கம் போக வேண்டும் என்றால் அவருடைய இடது கால் அழுந்தும். வலது பக்கம் என்றால் வலது கால். தறியில் மிதித்து மிதித்துப் பழகிய கால், அதற்கு டிவி என்ன, தறி என்ன. கால்தான் சரியாகப் போகும், கட்டைவிரல் தப்பாகப் போகும். எதிரியை விட்டுவிட்டு நம் சுவரையே சுடுவார். ஒருமுறை பறவையையே சுட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில், "நைனா, இன்னா நைனா நீ," என்று கத்திவிட்டேன்.

அம்மா போன பிறகு நான் வாய்விட்டுச் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தப்பாயிடுச்சிடா. இன்னொரு ஆட்டம் போடு," என்றார்.

அதற்குப் பிறகு அமாவாசைக்கு அமாவாசை நான் கத்துவேன். "நைனா, மேல ஒருத்தன் வரான். நைனா, அந்தப் பக்கம் போ. நைனா, அது நம்ம செவுரு." தெருவில் ஈ காக்கை இருக்காது. எங்கள் வீட்டிலிருந்து மட்டும் என் சத்தம் வரும். விளக்கு வைக்கிற நேரம் ஆனதும் நைனா பெட்டியைத் துணியில் சுற்றுவார், நான் வாயை மூடிக்கொள்வேன். மறுநாள் தறி ஓட ஆரம்பித்துவிடும். மறுபடியும் தலையாட்டல்தான்.

ஆறாவது படிக்கும்போது ஒரு தடவை பரண் மேல் எலி புகுந்துவிட்டது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழைக்குப் போடுகிற கஞ்சிக்காகத் தறி வீட்டில் எலிக்குக் குறைச்சலே இல்லை. பெட்டியை இறக்கினால் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் ஒயர் நடுவில் இரண்டாகக் கிடந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். நைனா ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதுக்கு ஏண்டா அழுவற? நாளைக்கு எத்தினி இழை பிணைக்கறேன், இத்த பிணைக்க மாட்டனா," என்றார்.

அறுந்த இழையைப் பார்த்தால் பிணைக்காமல் விட அவருக்குக் கை வராது. பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். அதே போல அடுப்பிலிருந்து சாம்பல் எடுத்துவந்து உட்கார்ந்தார். உள்ளே இருந்த மெல்லிசு ஒயர்களைப் பிரித்தார். சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை. சாம்பல் தொட்டு, முறுக்கி, மேலே அரக்குக் கலர் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எனக்கு அவர் முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது.

ஆட்டத்தைப் போட்டேன். மஞ்சள் டாங்கி கிளம்பியது. பச்சை டாங்கி நின்ற இடத்திலேயே நின்றது.

"நகரு நைனா," என்றேன்.

நைனா பொத்தானை நாலைந்து தடவை அழுத்தினார். பிறகு, "நான் நகரல. நீ போய் அடி. நான் பறவைக்குக் காவலு," என்றார்.

"நீயும் வந்தாதான் ஜெயிக்க முடியும்."

"ரெண்டு பேரும் போயிட்டா பறவைய யாரு பாத்துக்கறது? நான் நகர மாட்டேன்."

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. பச்சை டாங்கி நிற்கிற இடம் பறவைக்குப் பக்கத்துச் சந்து. அந்தப் பக்கம் வருகிற குண்டு அதன் மேல்தான் விழும். அடிபட்டால் காணாமல் போய், அதே இடத்தில் மறுபடியும் முளைக்கும். அதற்குக் கொடுத்த உயிரெல்லாம் தீர்கிற வரைக்கும் அப்படியே நின்று வாங்கிக்கொள்ளும். நம் சுவரை அது சுடுவதில்லை, பறவையைச் சுடுவதில்லை. எதிரியைச் சுடுகிறதா என்று நான் கவனித்ததில்லை, என் கண் மஞ்சள் மேலேயே இருக்கும். முன்பைவிட நிறைய ஆட்டம் ஜெயித்தோம். நைனா பொத்தானை டக் டக்கென்று அழுத்துகிற சத்தம் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். கால் மட்டும் அசையாது. பரவாயில்லையே, நைனா ஆடக் கற்றுக்கொண்டார், அதனால்தான் கால் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

எட்டாவது, ஒன்பதாவது வரைக்கும் அப்படியே போனது. பிறகு எனக்கு மீசை அரும்பியது, கூட்டாளிகள் வந்தார்கள், வாயும் தானாகத் திறந்துகொண்டது. பெட்டி பரணிலேயே தங்கிவிட்டது. காலேஜ் முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. பொம்பளை இல்லாத வீடு என்று சொல்லிச் சொல்லியே அத்தை எனக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் பண்ணிவைத்தாள். பண்ணி என்ன, நாங்கள் சென்னையில், நைனா ஆரணியில். வா என்றால், "அங்க வந்து நான் இன்னா பண்ணுவேன், செவுத்த பாத்துகினு உக்காந்துகினு இருக்கணும்," என்பார். தறியோடு அவர் பாட்டுக்கு இருந்தார்.

இரண்டாயிரம் பிறந்து பத்து வருஷம் போன பிறகு, எங்கள் ஆபீஸில் என் வயசுக்காரன் ஒருவன் பழைய டிவி கேமையெல்லாம் கம்ப்யூட்டரில் இறக்கிவைத்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து பேர் அதைச் சுற்றி நிற்போம். அந்தக் காலத்து கேம் மாதிரி வருமா, அந்த மியூசிக் மாதிரி வருமா என்று ஒரே உருகல். எனக்கு இந்த உருகல் ஆகாது. ஆனாலும் டாங்கி கேமின் ஆரம்ப மியூசிக் கேட்டதும் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றுவிட்டேன், பொய் சொல்லவில்லை. நைனா காவல் நின்ற கதையை அவர்களிடம் சொன்னேன். கேமை இறக்கிவைத்தவன் சிரித்தான். "யோவ், இந்த கேம்ல காவல்னு ஒண்ணு கெடையாதுய்யா. உங்கப்பாவுக்கு ஆடத் தெரியல," என்றான். அவனோடு ஒரு வாரம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போது என் பையன் ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. ஸ்கூல் விட்டு வந்ததும் கார் ரேஸ். திரையில் ரோடு பளபளவென்று இருக்கும், மழை பெய்தால் கண்ணாடியில் துளி வழியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டே ஓட்டுவான். "வரான் வரான், விடாத, வளைவு வளைவு." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "யார்கிட்டடா பேசற? பைத்தியம் மாதிரி," என்று கத்துவேன். ஹெட்போனில் அவனுக்கு அது கேட்காது. என் மனைவிக்குக் கேட்கும். "அவனாவது கம்ப்யூட்டர்கிட்ட பேசறான். நீங்க வீட்டுல யார்கிட்ட பேசறீங்க?" என்றாள் ஒருநாள்.

உண்மை அதுதான். எனக்கு அவனோடு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "ஸ்கூல்ல என்ன சொன்னாங்க?" என்பேன். தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். எனக்கும் நைனாவுக்கும் ஒரு காலத்தில் அந்த டாங்கி கேமாவது இருந்தது, அதைக் கொண்டுபோய் இவன் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம் மண்டைக்குள் புகுந்துவிட்டது. கோடை லீவில் ஒரு அமாவாசை பார்த்து அவனை மட்டும் கூட்டிக்கொண்டு ஆரணிக்கு பஸ் ஏறினேன்.

அன்று காலையில் நைனா அம்மாவுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தார். நான் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். பட்டுத் துணி அப்படியே இருந்தது. கேசட்டை ஊதிச் சொருகினேன். ஓடியது. இத்தனை வருஷம் கழித்து ஓடியது. நான் பையனைப் பார்த்தேன், அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் லோட் ஆகலையாப்பா?"

"ஆயிடுச்சிடா. இதான் கேம்."

"கட்டம் கட்டமா இருக்கு."

"அப்படித்தான் இருக்கும்."

"செத்தா எங்கிருந்து ஆரம்பிக்கும்?"

"முதல்ல இருந்து."

"ஏன்? சேவ் பண்ண முடியாதா?" பிறகு பறவையைக் காட்டி, "இதை ஏன் காப்பாத்தணும்? இது யாரு?" என்று கேட்டான்.

இவ்வளவு வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. காப்பாற்ற வேண்டும் என்றால் காப்பாற்ற வேண்டும், அதற்கு மேல் என்ன. "பேசாம ஆடு," என்றேன். எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்துவிட்டது. பழக்கத்தில் முதல் ஜாய்ஸ்டிக்கை நானே எடுத்துக்கொண்டு இரண்டாவதை அவனிடம் கொடுத்தேன்.

ஆட்டம் தொடங்கியது. மஞ்சள் டாங்கி கிளம்பியது. பச்சை நின்றது.

"நகருடா."

"நகரலப்பா."

"ஒழுங்கா அழுத்து."

"அழுத்தறேன்பா. இது ஒர்க் ஆகல," என்று ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு, என் செல்போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டான்.

நான் எடுத்து அழுத்திப் பார்த்தேன். மேலே, கீழே, எந்தப் பக்கமும் இல்லை. சுடவும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நைனாவின் ஜாய்ஸ்டிக்கை நான் அழுத்திப் பார்க்கிறேன். ஒயரில் அந்த அரக்குப் பட்டு நூல் சுற்று, நிறம்கூட மங்காமல். இத்தனை நாளில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். சாம்பல் என் மடியில் கொட்டியது. உள்ளே ஒவ்வொரு ஒயரும் முறுக்கியது முறுக்கியபடி இருந்தது. சிவப்புக்குச் சிவப்பு. மஞ்சளுக்கு மஞ்சள். எதுவும் விட்டுப்போகவில்லை.

ஆனால் எந்த ஒயரிலும் மேலே இருக்கிற பிளாஸ்டிக்கைச் சீவவில்லை. செம்பு செம்பைத் தொடவே இல்லை. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை முறுக்கி வைத்திருந்தார். நூலுக்கு ஏது தோல், சீவுவதற்கு? நூலைப் பிணைக்கிற மாதிரியே பிணைத்துவிட்டார். அன்றைக்கு முடிச்சுப் போட்ட நிமிஷத்திலிருந்து அதில் கரண்ட் போயிருக்க வாய்ப்பே இல்லை.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியென்றால் அத்தனை அமாவாசையும் நான் யாரோடு ஆடினேன்? பக்கத்தில் டக் டக்கென்று கேட்டதே, அது என்ன? என் சின்ன வயதில் நான் தனியாக இல்லாமல் இருந்த நாள் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதிலும் நான் ஒண்டிதானா? எதற்காகவோ தெரியாமல் உடம்பெல்லாம் கோபம் வந்தது.

நைனா மாடியில் காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு இறங்கி வந்தார். கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டே என் மடியில் கிடந்த ஒயரைப் பார்த்தார்.

"பிரிச்சிட்டியா," என்றார்.

"இது வேலை செய்யலன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா. நான்தானே வெச்சி அழுத்திகினு இருந்தேன்."

"எப்போல இருந்து தெரியும்?"

"முடிச்சி போட்ட அன்னிக்கே."

"அப்புறம் ஏன் நைனா சொல்லல? பஜார்ல குடுத்தா ஒரு நிமிஷத்துல சரி பண்ணியிருப்பாங்களே."

"சரி பண்ணிட்டா நான் ஆடணுமே." என் எதிரில் சுவரில் சாய்ந்து, அதே போலக் காலை நீட்டி உட்கார்ந்தார். "எனக்கு அது புடிக்காதுடா. பேஜாரு புடிச்ச ஆட்டம். நாளெல்லாம் இழைய பாத்து பாத்து கண்ணு போவுது, லீவு அன்னிக்கும் கட்டத்தையே பாக்கணுமா? மொத நாள்ல இருந்தே புடிக்காது."

நான் மடியில் கொட்டிய சாம்பலைத் தட்டிவிட்டேன். அவர் தறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மத்த நாள்ல நீ வாயே தொறக்க மாட்ட. புள்ள ஊமையாயிடுவான் போலக் கீது, டாக்டராண்ட காட்டுன்னு உங்க அத்த அழுதா. இந்த கேம்ல உக்காந்தா மட்டும் கத்துவ. நைனா இங்க வரான், நைனா அங்க பாரு, நைனா நகருன்னு. உங்கம்மா போனதுல நான் மட்டும் இன்னா, நானும் ஒண்டியாதான் கெடந்தேன். மாசத்துக்கு ஒரு நாளு நீ நைனா நைனான்னு கூப்டுவ. அதக் கேட்டுகினு உக்காந்திருப்பேன். அதுக்குப் பொத்தான் வேலை செஞ்சா இன்னா, செய்யாட்டி இன்னா."

இதைச் சொல்லிவிட்டு எழுந்து, "சோறு ஆறுது. புள்ளைய கூப்புடு," என்று உள்ளே போய்விட்டார்.

நான் அழுதேன். பையன் பார்த்துவிடக் கூடாதென்று டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். திரையில் பறவை செத்துப்போய், கேம் முடிந்து, எழுத்து நின்றுகொண்டிருந்தது. மேசையில் பிளேடு இருந்தது. அந்தப் பிளாஸ்டிக்கைச் சீவிப் பிணைக்க எனக்கு அதிக நேரம் ஆகாது. பிளேடை எடுக்கவில்லை. ஒயரை இருந்த மாதிரியே முறுக்கி, அரக்கு நூலை மறுபடியும் சுற்ற முயன்றேன். நைனா சுற்றிய மாதிரி வரவில்லை, தொளதொளவென்று நின்றது.

சாப்பிடும்போது பையன் கேட்டான், "தாத்தா, அந்த டாங்கி கேம் உங்களுக்குப் புடிக்குமா?"

"அத்தப் போயி ஒரு கேம்னு சொல்லிகினு வந்தான் பாரு உங்கப்பன்," என்றார் நைனா.

"செம போர் தாத்தா."

"ஆமாண்டா கண்ணு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு பேரும் ஒரே கட்சி. அவருக்கு அது கண்ணைக் கெடுக்கிற கட்டம், இவனுக்கு லோட் ஆகாத கட்டம். நடுவில் நான் ஒருத்தன்தான் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு இருபது வருஷம் ஆடியிருக்கிறேன். நானும் சிரித்துவைத்தேன்.

லீவு முடிந்தது, ஸ்கூல் திறந்தது. அடுத்த அமாவாசை ஒரு சனிக்கிழமை வந்தது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. ஆரணியில் இந்நேரம் தறி நின்றிருக்கும், தெரு காலியாக இருக்கும், நைனா அந்தக் கூடத்தில் ஒண்டியாக இருப்பார் என்பதே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த அறையிலிருந்து பையன் சத்தம் கேட்டது. "விடாத, விடாத, லெஃப்ட்ல வரான்." எழுந்து போய் ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். திட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து அவசரமாக ஹெட்போனைக் கழற்றினான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நீ ஓட்டு."

"இதுல ரெண்டு பேர் ஆட முடியாதுப்பா."

"நான் ஆட வரல."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மாதான்."

ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டான். எனக்கு அந்த ரோடும் புரியவில்லை, அந்த மழையும் புரியவில்லை, இரண்டு நிமிஷத்தில் தலை சுற்றியது. இருந்தாலும் உட்கார்ந்திருந்தேன். செல்போனை எடுத்து ஆரணிக்குப் போட்டேன். நைனா உடனே எடுத்தார், போனைக் கையிலேயே வைத்திருந்தவர் போல.

"சொல்லுடா."

"ஒண்ணுமில்ல நைனா. அமாவாசையாச்சேன்னு கூப்ட்டேன். சாப்ட்டியா?"

"ஆச்சி." அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "அங்க இன்னா சத்தம்?" என்றார்.

"உன் பேரன் காரு ஓட்டறான்."

"நீ இன்னா பண்ற?"

"பக்கத்துல உக்காந்துகினு இருக்கேன். எனக்கு ஒண்ணும் புரியல நைனா."

அப்போது பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பா, பாருப்பா, ரெட் காரு பின்னாடியே வரான்," என்றான். ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்ததால் சத்தமாகவே சொன்னான். ஆரணி வரைக்கும் கேட்டிருக்கிறது.

"கூப்புடறான் பாரு," என்றார் நைனா. "நகராத."